இது இன்னாருடையது

ஞாயிறுதோறும் எனக்குச் சமைத்துவைக்க வந்த அக்கா, ஒவ்வொரு டப்பாவையும் மூடுவதற்கு முன்னால், அதில் இருப்பது யாருடையது என்று சொல்லிவிட்டுத்தான் மூடுவார்.

"இது ரோஸிச் சேச்சியுதுங்க. மாங்கா அடுக்கற செட்டுல எங்கூட வேலை செஞ்சவ. தேங்காயை வறுத்துத்தான் அரைக்கோணும்னு அவ சொல்லிக் குடுத்தா." கோழிக்கறி டப்பா மூடப்படும். "இது இட்லிக்கடை பாயூட்டம்மாவுது." அது பச்சைப்பயறு மாவு. "இது ஆனமலை பஸ்ஸுல பக்கத்து சீட்டுல இருந்த ஒரு அம்மாவுது. பேரு கேக்காம விட்டுப்போட்டேன். சேனையைப் புளித்தண்ணியில வேகவெச்சா தொண்டை நமைக்காதுன்னாங்க."

முதல் சில வாரங்கள் இதை வாயாடித்தனம் என்று நினைத்தேன். வேலைக்குச் சொல்லிவிட்ட பக்கத்து வீட்டுக்காரரும் அப்படித்தான் சொல்லியிருந்தார்: "கை சுத்தம். வாய்தான் கொஞ்சம் நீளம்." பிறகுதான் கவனித்தேன். ஒரு டப்பாவை இன்னாருடையது என்று சொல்லாமல் மூட அவருக்குக் கை வராது. நான் கேட்கிறேனா, போனில் பேசிக்கொண்டிருக்கிறேனா என்றெல்லாம் பார்க்க மாட்டார். டப்பாவைப் பார்த்துச் சொல்லுவார், மூடுவார்.

நான் கேரள எல்லையில், முதலமடைக்கு அப்பால் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் டீச்சர். நாற்பத்து மூன்றாம் வயதில் எனக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. டாக்டரம்மா அரிசியையும் கோதுமையையும் மட்டும் நிறுத்தியிருந்தால் ராகியிலோ கம்பிலோ பிழைத்திருப்பேன். "தானியமே வேண்டாம். மூணு மாசம் பாக்கலாம்" என்றுவிட்டார். எங்கள் வீட்டில் மூன்று வேளையும் சோறு, இட்லி, மறுபடி சோறு. காலை ஏழரைக்குக் கிளம்பினால் நான் திரும்ப மாலை ஆறாகும். என் வீட்டுக்காரர் மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுப்பவர். சீசனில் வீட்டுக்கு உறங்க மட்டும் வருவார். முதல் இரண்டு வாரம் அவித்த முட்டையும் வெள்ளரிக்காயுமாகத் தின்று அழுதேன். மூன்றாவது வாரம் கொல்லங்கோட்டில் பஸ் மாறும் இடத்தில் நின்று நாலு பரோட்டா தின்றுவிட்டு, அதற்கும் அழுதேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவர் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த உடம்பு, நரம்பு தெரியும் கை. கோவிந்தாபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். தாளில் சுற்றிய சொந்தக் கத்தி ஒன்று பையில் இருந்தது.

"அரிசி வேண்டாமுங்களா?"

"வேண்டாங்க்கா."

"கோதுமை?"

"அதும் வேண்டாம். ராகி, சோளம், கம்பு ஒண்ணும் கூடாது."

என் காய்கறிக் கூடையைக் கிளறிப் பார்த்தார். "சரி. மண்ணுக்கடியில இருந்து ஒண்ணு, கொடியில இருந்து ஒண்ணு, பருப்புல ஒண்ணு, கறி முட்டைன்னு ஒண்ணு. அஞ்சு நாளைத் தாண்டிரலாமுங்க டீச்சர்."

தாண்டினோம். இரண்டு வருடம் ஒரு வாரம் விடாமல் தாண்டினோம். சனிக்கிழமை சாயங்காலம் நான் பயறும் கொள்ளும் ஊறப்போட்டு வைப்பேன். என் பங்கு அவ்வளவுதான். ஞாயிறு காலை எட்டு மணிக்கு வந்து, மதியம் இரண்டு மணிக்குள் ஐந்து நாள் சாப்பாட்டையும் முடித்து அடுக்கிவிடுவார். எது எத்தனை நாள் தாங்கும் என்பது அவர் விரல் நுனியில் இருந்தது. கீரையும் வாழைத்தண்டும் திங்களுக்கு. முட்டைக் குழம்பு செவ்வாய்க்கு. கோழி புதனுக்கு. புளி ஊற்றி மண்சட்டியில் வற்றவைத்த மீன் வியாழனுக்கு. அது நின்றால்தான் ருசி. சேனை வறுவலும் கொள்ளும் வெள்ளிக்கு. காலையில் தோசைக்கல்லில் ஊற்றிக்கொள்ளப் பயற்று மாவு தனியே இருக்கும். மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டரம்மா, "என்ன பண்றீங்களோ அதையே பண்ணுங்க" என்றார். நான் ஒன்றும் பண்ணவில்லை என்று அவரிடமும் சொல்லவில்லை.

சோற்றுக்குப் பதிலாகப் பூக்கோசைத் துருவி வதக்கலாம் என்று போனில் ஒரு பெண் செய்துகாட்டியதை நான்தான் அவருக்குக் காண்பித்தேன். செய்தார். முதல் நாள் நன்றாக இருந்தது. வியாழக்கிழமை டப்பாவைத் திறந்தால் அடியில் தண்ணீர் விட்டு, நாற்றம். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். "போன்காரம்மா அன்னன்னைக்குத் திம்பாங்க போல. டப்பாவுல போடறது அவியளுக்குத் தெரியலீங்க" என்றார். நான்காவது வாரம், துருவலைத் துணியில் கட்டிப் பிழிந்து, எண்ணெய் இல்லாமல் வெறும் வாணலியில் ஈரம் போக வறுத்து, பெரிய தட்டில் பரப்பி ஆறவிட்டு, உப்பே போடாமல் டப்பாவில் அடைத்தார். திங்கும்போது சூடு பண்ணி அப்போது உப்புப் போட்டுக்கொள்ளச் சொன்னார். வெள்ளிக்கிழமை வரை உதிரி உதிரியாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அந்த டப்பாவை மூடும்போது சொன்னார்: "இது போன்காரம்மாவுதுங்க." மூடியைப் பாதி அழுத்தியவர் நிறுத்தி, கொஞ்சம் கூச்சத்தோடு, "தண்ணி விடாமப் பண்ணினது மட்டும் நானுங்க" என்றார்.

தன்னுடையது என்று அவர் ஒன்றைச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

கொள்ளு அவருடைய மாமியாருடையது. எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் கொள்ளு உண்டு. ஆனால் அவர் வைக்கும் கொள்ளுப் பருப்பு வேறு. வேகவைத்துக் கடைந்து, சின்ன வெங்காயத்தைத் தீயில் சுட்டுச் சேர்ப்பார். ஒரு நாள் மாமியாரைப் பற்றிக் கேட்டேன்.

"அவளா? என்ற மாமியா பண்ணின கொடுமையைச் சொன்னா பொழுது போயிருமுங்க. கைப்புள்ளையோட மழையில வெளிய தள்ளிக் கதவைச் சாத்தினவ. மாட்டுக் கொட்டாயில ராவு பூரா நின்னேன்."

"அவங்க பேரை எதுக்குங்க்கா வாராவாரம் சொல்றீங்க? நீங்கதானே இத்தனை வருசமா வெக்கறீங்க."

வெங்காயத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். நான் ஏதோ புரியாத பாஷையில் கேட்டதுபோல இருந்தது அந்தப் பார்வை. "கெழவி பொல்லாதவதான். ஆனாக் கொள்ளு அவளுது. அது எப்புடிங்க என்னுதாகும்?"

சமையலோடு இது நிற்கவில்லை. சீசனில் அவர் காய் அடுக்கப் போகும் மாங்காய் செட்டில் நடந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். காம்பை உடைத்ததும் வடியும் பால் தோலில் பட்டால் பழம் கறுத்துவிடும். மாங்காயைத் தலைகீழாகச் சாக்கின்மேல் கவிழ்த்து வைத்துப் பாலை வடியவிட்டு அடுக்கும் வழக்கத்தை அந்தச் செட்டில் இவர்தான் கொண்டுவந்தார் என்று முதலாளி எல்லார் முன்னாலும் பாராட்டி, தரம் பார்க்கும் மேஸ்திரி வேலையை இவருக்குக் கொடுப்பதாகச் சொன்னாராம். "நானில்லீங்க, கிருஷ்ணகிரியில இருந்து வந்திருக்கற அந்தப் புள்ள காட்டிக் குடுத்துது" என்று அங்கேயே சொல்லிவிட்டார். வேலை கிருஷ்ணகிரிப் பெண்ணுக்குப் போனது. அவர் அதற்குப் பிறகும் அதே செட்டில் சீசனுக்குச் சீசன் குனிந்து மாங்காய் அடுக்கிக்கொண்டிருந்தார். இது உண்மையா என்று நான் கேட்டபோது, "ஆமாங்க. அந்தப் புள்ள கெட்டிக்காரி" என்றதோடு முடித்துவிட்டார்.

அதனால் கோவிந்தாபுரம் பக்கத்தில் அவர் வார்த்தைக்கு ஒரு மதிப்பு இருந்தது. ஒரு வேப்பெண்ணெய் மருந்தோ, ஒரு தாலாட்டோ, கோலமோ, யாரிடமிருந்து வந்தது என்று சண்டை வந்தால், அவரைக் கூப்பிட்டுக் கேட்பார்களாம்.

இனி என் பங்கைச் சொல்லவேண்டும்.

பள்ளிக்கூடத்தில் எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு நீள மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். பரோட்டா தின்ற காலத்தில் என் உடம்பைப் பற்றி அங்கே பேச்சு உண்டு. "டீச்சருக்குச் சமைக்கச் சோம்பல்" என்று ஒருவர் என் காதுபடவே சொன்னதுண்டு. ஒரு புதன்கிழமை ஹெட்மிஸ்ட்ரஸ் என் டப்பாவிலிருந்து ஒரு துண்டு கோழி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "யாரு செஞ்சது?" என்றார்.

"நானேதான், டீச்சர்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். சோம்பல் என்று சொன்னவர் எதிரே உட்கார்ந்திருந்தார். அதற்கு மேல் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. அந்த வாரம்தான் பரீட்சையில் பக்கத்தில் பார்த்து எழுதிய ஒருவனை எழுப்பி வராந்தாவில் நிறுத்தியிருந்தேன்.

"அஞ்சு நாளைக்கும் ஞாயித்துக்கிழமையே செஞ்சு வெச்சுருவீங்களா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். எப்படி என்றார்கள். மண்ணுக்கடியில் ஒன்று, கொடியில் ஒன்று என்று சொன்னேன். அந்த வரி எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. கம்ப்யூட்டர் டீச்சர் வீட்டுக்கே வந்து வீடியோ எடுத்தார். சனிக்கிழமை வரச் சொன்னேன். ஞாயிறு வேண்டாம் என்று நானே கவனமாகச் சொன்னது நினைவிருக்கிறது. அடுப்பின் முன்னால் நின்று, அதற்கென்றே தின்னாமல் எடுத்துவைத்த அந்த வாரத்து டப்பாக்களைத் திறந்து திறந்து காண்பித்தேன். வாட்ஸப்பில் அது எங்கெங்கோ சுற்றியது.

வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "அந்தக்கா பண்றதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" என்றார்.

"அடுத்த வீடியோவுல சொல்லிக்கறேன்" என்றேன். அடுத்த வீடியோ எடுக்கவே இல்லை.

அக்காவிடம் ஸ்மார்ட் போன் கிடையாது. அதனால் பார்த்திருக்க மாட்டார் என்று ஒரு தைரியம். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வந்தார், இன்னாருடையது என்று சொல்லிச் சொல்லி மூடினார். நான் அந்தப் பெயர்களைக் கேட்கக் கூடாது என்று துணி காயப்போட மாடிக்குப் போய்விடுவேன்.

பிறகு பஞ்சாயத்து மெம்பர் வந்தார். சர்க்கரை நோய் பற்றி அயல்கூட்டங்களுக்கு, அதாவது ஊர் மகளிர் குழுக்களுக்கு, ஒரு வகுப்பு, பஞ்சாயத்து ஹாலில், டீச்சர் வந்து பேசவேண்டும் என்றார். ஒத்துக்கொண்டேன். அயல்கூட்டம் என்றால் யார் யார் வருவார்கள் என்று யோசிக்கும் புத்திகூட எனக்கு இல்லை. மேடையில் உட்கார்ந்து ஹாலைப் பார்க்கும்போது, மூன்றாவது வரிசையில் தன் கூட்டத்துப் பெண்களோடு அக்கா உட்கார்ந்திருந்தார். தேய்த்த சேலை கட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்லிவிட்டுச் சிரித்தார். எங்க டீச்சர் என்று சொல்லியிருப்பார்.

அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். மைக் என் கையில் இருந்தது. இதையெல்லாம் செய்கிறவர் அதோ உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்ல எத்தனை நேரமாகும்? ஆனால் முன்வரிசையில் ஹெட்மிஸ்ட்ரஸ் இருந்தார். மெம்பர், "ஸ்கூல் வேலைக்கு நடுவுல தன் கையாலேயே எல்லாம் செய்யற நம்ம டீச்சர்" என்று அறிமுகம் செய்துவிட்டிருந்தார். நான் அந்த வார்த்தைகளின் பின்னாலேயே போனேன். கோழியைச் சொன்னேன், சேனையைச் சொன்னேன். கொள்ளுக்கு வந்தபோது, கேட்காமலே, "இது எங்க வீட்டுல வழிவழியா வர்ற பக்குவம்" என்றேன். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் இருக்க ஹாலின் கடைசியில் இருந்த மின்விசிறியைப் பார்த்துப் பேசினேன்.

பேசி முடித்ததும் ஒரு பெண் எழுந்து நின்றாள். கைக்குழந்தையைத் தோளில் போட்டிருந்தாள்.

"டீச்சர், வீடியோ பாத்து நானும் பூக்கோசு செஞ்சேனுங்க. மூணு நாளுல தண்ணி விட்டு நாறிப்போயிருது. உங்களுது மட்டும் எப்புடிங்க நிக்குது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு வருடம் என் வீட்டு அடுப்பில் நடந்த காரியம். பிழிந்ததைப் பார்த்த ஞாபகம் இருக்கிறது. அதற்குமுன் என்ன, பின் என்ன, உப்பு எப்போது, ஒன்றும் வாயில் வரவில்லை. "அது... நல்ல காயாப் பாத்து வாங்கணும்" என்றேன். அந்தப் பெண் நின்றுகொண்டே இருந்தாள். "நல்ல காய்தாங்க வாங்கினேன்" என்றாள். என் கையில் மைக் ஆடியது. அந்த ஆட்டம் ஒலிபெருக்கியில் கரகரவென்று கேட்டது. ஹாலில் யாரோ சிரித்தார்கள்.

அவர் எழுந்தார்.

"நான் சொல்றேன் கண்ணு. டீச்சரூட்டுல நாந்தான் கூடமாட ஒத்தாசைக்கு நிக்கறவ. துருவிப்போட்டுத் துணியில கட்டிப் புழிஞ்சுரோணும். எண்ணெ ஊத்தாம ஈரம் போக வறுக்கோணும். தட்டுல பரப்பி நல்லா ஆறோணும், சூட்டோட மூடினா வேர்த்துரும். உப்பு அப்பப் போடப்படாது, திங்கறப்பத்தான் போடோணும். உப்புத்தான் தண்ணியை இழுக்கறது." என் பக்கம் கையைக் காட்டினார். "டீச்சர்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. அவிய படிச்சவிய. அவியளுக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்னால் அதற்கு மேல் அந்த ஹாலில் யாரும் கேட்க மாட்டார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். தட்டியது எனக்கு. மெம்பர் ஒரு பொன்னாடை போட்டார். அதைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கி வந்தபோது அவருடைய கூட்டம் பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தது.

அடுத்த ஞாயிறு வரமாட்டார் என்று நினைத்தேன். வரக்கூடாது என்றுகூட வேண்டிக்கொண்டேன். சரியாக எட்டு மணிக்கு வந்தார். கத்தியை எடுத்தார், கழுவினார், வேலையை ஆரம்பித்தார். மதியம் டப்பாக்களை வரிசையாக வைத்து மூடத் தொடங்கினார். ஒன்றை மூடினார். அடுத்ததை மூடினார். எதுவும் சொல்லவில்லை. மூடிகள் அழுந்தும் சத்தம் மட்டும் கேட்டது. நான் கதவுக்குப் பக்கத்தில் நின்று ஏழு டப்பா வரைக்கும் பார்த்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"அக்கா, நான் பண்ணினது தப்புங்க. நாளைக்கே ஸ்கூலுல எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். மெம்பர்கிட்டயும் சொல்றேன். எல்லாம் நீங்க பண்றதுன்னு."

அவர் திரும்பவில்லை. "வேண்டாமுங்க."

"இல்லீங்க்கா, சொன்னாத்தான் எனக்கு..."

"உங்களுக்கு லேசாயிருமுங்க. தெரியும்." மூடியை வைத்துவிட்டுத் திரும்பினார். கோபம் இல்லை. பாத்திரம் கழுவக் காத்திருக்கிறவரின் களைப்பு மட்டும் முகத்தில் இருந்தது. "ஆனா நீங்க நெசத்தைச் சொன்னா, அன்னைக்கு நான் எந்திரிச்சுச் சொன்னது பொய்யின்னு ஆயிப்போகுமுங்க. இந்த வயசு வரைக்கும் நான் யாருதையும் மாத்திச் சொன்னதில்ல. எனக்குன்னு ஊருல இருக்கறது அந்தப் பேச்சு ஒண்ணுதான். மைக்கு ஆடறதைப் பாக்கப் பொறுக்காம வாயை உட்டுப்போட்டேன். உட்டது உட்டதா இருக்கட்டும்."

அவர் மறுபடி டப்பாக்கள் பக்கம் திரும்பினார்.

"அந்த சேனை வறுவலை வெளிய வெக்காதீங்க. பிரிஜ்ஜுல கீழ்த்தட்டுல வெச்சுருங்க" என்றார்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் வந்தார். எதுவும் குறைவில்லை, உப்பு, புளி, பதம் எல்லாம் அதேபோல இருந்தது. பெயர்கள் மட்டும் நின்றுவிட்டன. பிறகு மகன் உடுமலையில் வீடு பார்த்துவிட்டதாகச் சொல்லி, அந்த வாரத்துக்கும் வழக்கம்போலச் செய்து வைத்துவிட்டுப் போனார். இதை எழுதும்போதும் அவர் பெயரை எழுதவில்லை. எழுதினால் அவர் அன்று காப்பாற்றச் சொன்னதை நான் உடைத்ததாகும்.

அவர் சொன்னதால்தான் இத்தனை நாளும் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. முழு உண்மை அது இல்லை. அவர் வேண்டாம் என்றபோது என் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று நிம்மதியாக மூச்சு விட்டது. அதை நான் கவனித்தேன். அவரும் கவனித்திருப்பார்.

போன மாசிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, நெம்மாறையிலிருந்து ஒரு பெண் வீடு விசாரித்துக்கொண்டு வந்தாள். முன்பின் தெரியாதவள். அவள் கணவன் லாரி டிரைவராம். சர்க்கரையில் கால்விரலை எடுக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்களாம். வீடியோவைப் பார்த்து ஒரு வருடமாக டப்பா கட்டிக் கொடுத்து அனுப்புகிறாள். புண் ஆறிவிட்டது, லாரி ஓட்டுகிறான் என்றாள். ஒரு பையில் கொஞ்சம் கொள்ளும் அவரைக்காயும் கொண்டுவந்திருந்தாள், அவள் வீட்டு வேலியில் காய்த்தது.

"உட்காரும்மா, டீ போடறேன்" என்றேன்.

"வேண்டாமுங்க டீச்சர், பஸ்ஸு போயிரும். ஒருக்கா உங்களைப் பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

அவள் என் இரண்டு கைகளையும் பிடித்தாள். உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். "இந்தக் கைதானுங்களே" என்று சொல்லி, எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். அவள் கண் ஈரமாக இருந்தது.

நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.